நாப்பத்தி மூணு பாட்டிலும் ஒரு மச்சானும்

குருன்னதும் தாடியும் காவியுமா யாரையாவது நெனச்சுக்காதீங்க. இவரு அரை டிராயர் போட்ட குரு. பேரு அந்துவான். புதுச்சேரியில நெல்லித்தோப்புல வீடு. வெள்ளக்காரங்க ஊர் சுத்திப் பாக்கப் போற பெரிய கப்பல் இருக்கு பாருங்க, அதுல பத்தொம்பது வருஷம் பார்ல நின்னு ஊத்திக் குடுத்தவரு. வயசு நாப்பத்தஞ்சுதான் இருக்கும்.

சீடருக்கு அறுபத்திரண்டு. பேரு தனகோட்டி. மின்சாரத் துறையில எஞ்சினீயரா இருந்து ரிட்டயர் ஆனவரு. எங்க காம்பவுண்டுல கீழ் வீடு.

ரிட்டயர் ஆனா சில பேரு கோயில் கோயிலாப் போவாங்க. எங்க ஒண்ணுவிட்ட அத்தான் ஒருத்தரு மறுநாளே கொசு மட்டையைக் கையில எடுத்தாரு. அவரு கதை தனி, ஒரு கொசுவைத் தொரத்திட்டுப் போயி பக்கத்து வீட்டுக்காரர் வழுக்கையிலேயே வெச்சுட்டாரு. நம்ம தனகோட்டி, விஸ்கி பாட்டில் சேக்க ஆரம்பிச்சாரு.

குடிக்க இல்லீங்க. சேக்க. குடிக்கணும்னா கடையில கால் பாட்டில் பிராந்தி வாங்கியாந்து, மொட்டை மாடியில எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தி, கஷாயம் மாதிரி மூக்கைப் புடிச்சுக்கிட்டுக் குடிச்சிட்டு இறங்கிடுவாரு. சேக்கற பாட்டிலைத் தொட மாட்டாரு.

விஸ்கி விஷயத்துல இந்த ஊர்லேயே பெரிய ஆளு அந்துவான்தான்னு யாரோ சொல்லி, தட்டுல பழம் வெச்சு எடுத்துக்கிட்டுப் பாக்கப் போனாராம். அங்க பாத்தா ஒரு மர ஸ்டூலு. அது மேல பதினோரு பாட்டிலு. எல்லாமே தெறந்தது, எல்லாமே அரைகொறை.

"மீதி எங்க குருஜி?"

"வந்தவங்க குடிச்சிட்டாங்கண்ணே."

"விட்டுட்டீங்களா?"

"வந்துட்டாங்களே."

தனகோட்டிக்கு ஒண்ணும் புரியல. ஆனாலும் பெரியவங்க இப்படித்தான் பேசுவாங்கன்னு நெனச்சுக்கிட்டாரு. தன்னைவிடப் பதினேழு வயசு சின்னவருக்கு அன்னையிலேர்ந்து சீடரு. மாசம் ஒரு தடவ போவாரு, ஒரு கேள்வி கேப்பாரு.

"பாட்டிலை எப்பத் தெறக்கலாம் குருஜி?"

"யாராவது வர்றப்ப."

"யாரு வர்றப்ப?"

"யாராவதுன்னேனே."

அதையும் தனகோட்டி, நல்ல நாளு வர்றப்பன்னு அவரு வசதிக்கு மாத்திக்கிட்டாரு. முன்னாடியே, ரிட்டயர் ஆகற அன்னிக்கு தெறக்கலாம்னு மொத பாட்டிலை வாங்கி வெச்சிருந்தாரு, தெறக்கல. அறுபதாம் கல்யாணத்துக்குன்னாரு, அன்னிக்கும் தெறக்கல. இப்ப பொண்ணு தேன்மொழி கல்யாணம் முடிஞ்சு சம்பந்தியோட தெறப்பேன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. அது இருபத்தஞ்சு வருஷம் பீப்பாயில கெடந்த சரக்காம். நாப்பத்தி மூணுல அதுதான் மூத்த புள்ள.

இதையெல்லாம் எங்க வெச்சாருன்னு கேளுங்க. அவரு சம்சாரம் குணவதியோட கண்ணாடி அலமாரியில. அது கொலு பொம்மை இருந்த அலமாரி. தசாவதாரம், செட்டியார் செட்டிச்சி எல்லாம் மூட்டை கட்டி பரண்ல ஏறிடுச்சு. குணா அப்பவே மொணகினா. "பெருமாளையே பரண்ல ஏத்திட்டாரு பெரியம்மா"ன்னு எங்கிட்ட சொன்னா.

வெச்சதும் எப்படித் தெரியுமா? படுக்க வெச்சாரு. இந்த ஊருக்காரங்களுக்கே வர்ற கெட்டிக்காரத்தனம் அது. கடற்கரைப் பக்கம் பழைய பிரெஞ்சு வீட்டுல ஒயின் பாட்டிலைப் படுக்கப் போட்டு வெச்சிருந்ததை எப்பவோ பாத்திருக்காரு. ஒசந்த சரக்குன்னா படுத்துத்தான் இருக்கணும்னு முடிவு பண்ணிட்டாரு. அடியில சிவப்பு வெல்வெட்டு. நாப்பத்தி மூணு பாட்டிலும் சீரங்கத்துப் பெருமாள் மாதிரி சயனத்துல. அந்துவானுக்கு போட்டோ அனுப்பறப்ப மட்டும் லேபிள் தெரியணும்னு எழுப்பி நிக்க வெப்பாரு. வீட்டுக்கு அவரைக் கூப்பிட்டதே இல்ல. வந்தா தெறக்கணுமேன்னு பயம்.

சாவி அவரு அரைஞாண் கயித்துல தொங்கும்.

வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜைக்கு, எல்லாத்தையும் வெளிய எடுத்துத் தொடைப்பாரு. பாட்டில் பின்னாடி, வாங்கின அன்னிக்கு சரக்கு எது வரைக்கும் இருந்துச்சோ அங்க சின்னதா ஒரு கோடு போட்டிருப்பாரு. எஞ்சினீயர் இல்லையா, அந்தப் புத்தி போகல. லேபிள்ல படாம ஒவ்வொரு பாட்டில் கழுத்துக்கும் சந்தனம், குங்குமம். கொலு வெக்கற அஞ்சு படிக்கட்டு பலகை இருந்துச்சு, அதுல அடுக்கி நிக்க வெச்சாரு இந்தத் தடவை.

அன்னிக்கு பாத்து கோடி வீட்டு மங்கையர்க்கரசி சுண்டலுக்கு வந்துட்டா. ரெண்டு கண்ணுலயும் புரை, ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருந்துச்சு. படியைப் பாத்தா, சந்தனம் குங்குமத்தைப் பாத்தா, கண்ணாடி பளபளப்பைப் பாத்தா. சப்பணம் போட்டு ஒக்காந்து அம்பாள் மேல மூணு பாட்டு பாடினா. முடிச்சிட்டு, "ஏண்டி குணா, இந்த வருஷம் கண்ணாடி பொம்மையா? எல்லா அம்மனும் ஒரே ஒசரத்துல நல்லா இருக்கு"ன்னா. குணா சுண்டலைக் குடுத்தனுப்பினா. குணா தம்பி தசரதன் அங்கதான் இருந்தான். சிரிப்பை அடக்க முடியாம தலகாணியில மூஞ்சியைப் பொதைச்சுக்கிட்டான்.

தசரதனுக்குத் திண்டிவனத்துல மருந்துக்கடை. தேன்மொழிக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவன், எட்டு நாளா அந்த ஹால்ல, அந்த அலமாரி பக்கத்துலதான் படுத்துக்கெடந்தான். ஐப்பசி கடைசியில கல்யாணம். தாய்மாமன் அவன் ஒருத்தன்தான்.

சாயங்காலம் பாட்டிலை உள்ள வெக்கறப்ப தனகோட்டி ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, மாடியில நான் வெச்சிருந்த பால் பொங்கிடுச்சு. மூத்த புள்ள இருக்கே, அந்த இருபத்தஞ்சு வருஷ பாட்டிலு, அது கோட்டுக்குக் கீழ நாலு விரக்கடை எறங்கியிருந்துச்சு.

"மச்சான்! எப்படிடா எடுத்த?"

"எதை மாமா?"

"நடிக்காத. சீல் ஒடையல, சரக்கு மட்டும் கொறையுது. ஊசி! கடையிலேர்ந்து ஊசி கொண்டாந்து கார்க்கு வழியா உறிஞ்சியிருக்க!"

தசரதன் கையில பொரிகடலை. அதைத் தட்டுலயே திருப்பிக் கொட்டினான். குடிச்சேன்னும் சொல்லல, குடிக்கலேன்னும் சொல்லல. பையை எடுத்தான். "அக்கா, இனிமே இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்"னான். போயிட்டான்.

குணாவும் அன்னையோட வாயை மூடிட்டா. புருஷன் மூணடி தள்ளி நிப்பாரு, என்னைக் கீழ கூப்பிட்டு, "பெரியம்மா, அந்த மனுஷன் கிட்ட சாப்பாடு ஆச்சுன்னு சொல்லுங்க"ம்பா. நானும், "தனகோட்டி, சாப்பாடு ஆச்சாம்"பேன். "ரசமா சாம்பாரான்னு கேளுங்க பெரியம்மா"ம்பாரு. ஒம்பது நாள். என் மூட்டுவலியோட ஒம்பது நாளும் படி ஏறி எறங்கினேன்.

தேன்மொழி அழுதா. "மாமா வந்து என் நெத்தியில பட்டம் கட்டலேன்னா நான் மணவறையில ஒக்கார மாட்டேன்ப்பா." பத்திரிகை அடிச்சாச்சு. தாய்மாமன் பேரு பெரிய எழுத்துல இருக்கு.

பத்தாம் நாள் காலையில தனகோட்டி வேற வழியில்லாம அந்துவானைக் கூட்டியாந்தாரு. மொதத் தடவையா. அரை டிராயரோட வந்தாரு மனுஷன், செருப்பைக் கழட்டிட்டு ஒக்காந்தாரு. குணா அவருக்கு வடையும் காப்பியும் குடுத்தா.

"குருஜி, எம் பாட்டிலை யாரு குடிச்சது? நீங்கதான் சொல்லணும்."

"யாரு மேல சந்தேகம்?"

"மச்சான் மேல."

"சாவி எங்க இருக்கும்?"

தனகோட்டி இடுப்பைத் தொட்டுக் காமிச்சாரு.

"தூங்கறப்ப?"

"இங்கதான்."

"குளிக்கறப்ப?"

"அப்பவும் இங்கதான்."

"அப்ப மச்சான் எப்படித் தெறந்தாரு?"

தனகோட்டி யோசிச்சாரு. "அவன் கெட்டிக்காரன் குருஜி."

அந்துவான் ரெண்டாவது வடையை எடுத்தாரு. அதை முடிச்சு, கையைத் தொடைச்சிட்டுத்தான், "அலமாரியைத் தெறங்க"ன்னாரு.

கதவு தெறந்ததும் மோந்து பாத்தாரு. எனக்கே வாசனை வந்துச்சு, பழைய பலாச்சுளையும் பெயிண்டும் கலந்த மாதிரி. மூத்த பாட்டில் கெடந்த எடத்துல வெல்வெட்டைச் சுருட்டி எடுத்து தனகோட்டி மூக்குல வெச்சாரு.

"துணி குடிச்சிருக்கா குருஜி?"

அந்துவான் பாட்டிலை நிமித்தி மேல சுத்தியிருந்த தாளை உரிச்சாரு. "ஐயோ"ன்னு கையைப் புடிச்சாரு தனகோட்டி. கையை வெலக்கிட்டு கார்க்கைத் திருகினாரு. கார்க்கு வரல. ஊறின ரஸ்க்கு மாதிரி பிஞ்சு பிஞ்சு விழுந்துச்சு.

"ஒயினைத்தான் படுக்க வெப்பாங்கண்ணே. இது நிக்கணும். படுத்தா கார்க்கை அரிச்சிடும். கொஞ்சம் கசியும், மீதி காத்தாப் போகும்."

தனகோட்டி நாப்பத்தி மூணையும் ஒரு பார்வை பாத்தாரு. எல்லாம் படுத்துக்கெடந்துச்சு.

"இதை எப்படி மூடறது குருஜி?"

"மூட முடியாது."

"அப்ப என்ன பண்றது?"

"நீங்க திருடன்னு சொன்னீங்களே, அவரைக் கூப்புடுங்க."

அந்துவான் காப்பி டிகாஷனை வடிகட்டற மாதிரி துணியில வடிச்சு, கார்க்குத் துணுக்கை எடுத்துட்டு, பாட்டில் வாயில ஒரு கிண்ணத்தைக் கவுத்தி வெச்சாரு.

தனகோட்டி போன் போட்டாரு. மூணு தடவ கட் ஆச்சு. நாலாவது தடவ எடுத்தான். "தசரதா, தப்பு எம்மேலதான்டா. வா." அவ்வளவுதான் பேசினாரு. முப்பது வருஷத்துல அந்த வார்த்தை அவரு வாயிலேர்ந்து வந்து நான் கேட்டதில்ல. குணா அடுப்புல கடுகு போட்டுட்டு அப்படியே நின்னுட்டா, கடுகு கருகிப் போச்சு.

ஒண்ணரை மணி நேரத்துல தசரதன் வந்துட்டான். ஆனா வாசப்படிக்கு வெளியவே நின்னான். கையைக் கட்டிக்கிட்டு, செருப்பைக் கூடக் கழட்டாம.

"உள்ள வாடா."

"மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போனவன் மாமா நானு."

தனகோட்டி திரும்பி வந்தாரு. பாட்டிலை எடுத்தாரு. எவர்சில்வர் டம்ளர்ல பாதிக்கு ஊத்தினாரு. பகல் பன்னண்டு மணி, காம்பவுண்டே பாத்துக்கிட்டிருக்கு, கீரைக்காரி கூடையை எறக்கி வெச்சிட்டு நிக்கறா. டம்ளரை ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு வாசலுக்குப் போனாரு.

"இந்தாடா. நாப்பத்தி மூணுல மொத ஊத்து. எனக்குக் கூட இல்ல. உனக்கு."

தசரதன் டம்ளரைப் பாத்தான். மாமாவைப் பாத்தான்.

"மாமா, நான் குடிக்கறதில்லையே."

"எப்ப நிறுத்தின?"

"எப்ப ஆரம்பிச்சேன்?"

கீரைக்காரிதான் மொதல்ல சிரிச்சா. அப்புறம் தசரதன். அன்னிக்கு தலகாணியில மூஞ்சியைப் பொதைச்சு அடக்கினானே, அதுக்கும் சேத்து வெச்சு சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே செருப்பை ஒதறிட்டு, "அக்கா, எனக்குக் காப்பி போடு"ன்னு வாசப்படியைத் தாண்டி உள்ள வந்து ஒக்காந்தான். ரூம் உள்ளேர்ந்து தேன்மொழி ஓடியாந்து மாமன் கையைப் புடிச்சுக்கிட்டா.

தனகோட்டி டம்ளரும் கையுமா சம்சாரத்தைப் பாத்தாரு. "நீயாவது சொல்லியிருக்கலாமே குணா?"

பத்து நாளைக்கப்புறம் குணா அவருகிட்ட நேராப் பேசினா. "நீங்க கேட்டீங்களா? தீர்ப்புல்ல சொன்னீங்க?"

தனகோட்டி வந்து அந்துவான் முன்னாடி தரையில ஒக்காந்தாரு. டம்ளரைக் கீழ வெச்சாரு.

"முப்பது வருஷம் குருஜி. தீபாவளி, பொங்கல், எல்லாத்துக்கும் எம் பக்கத்துல ஒக்காந்து சாப்பிட்டவன். இவன் குடிக்க மாட்டான்னு எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

அந்துவான் டம்ளரைத் தன் பக்கம் இழுத்தாரு. ஒரு மொடக்கு குடிச்சாரு. நாக்கைத் தட்டிப் பாத்துக்கிட்டாரு.

"ஒரு தடவ ஊத்தியிருந்தா தெரிஞ்சிருக்கும்ணே."