வீட்டை வரைந்தவரும் வீட்டில் இருப்பவரும்

"அம்மா, மனசு ஒரு நிலையில் நிற்க மாட்டேங்குது" என்றார் மாசிலாமணி.

"தியானத்திலா?"

"ஆர்க்கிடெக்ட் விஷயத்தில்."

தவமணி அம்மா ஆசிரமத்துச் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மாசிலாமணியைவிட வயதில் இளையவர். ஆனாலும் கரூரில் ஜவுளி வியாபாரம் செய்யும் மாசிலாமணி, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதையும் செய்ய மாட்டார்.

கேட்ட பிறகும் பெரும்பாலும் செய்ய மாட்டார்.

"மனை வாங்கியாச்சு. பழைய வீட்டையும் வித்தாச்சு. வாடகை வீட்டில் பெட்டியைக்கூடப் பிரிக்காம உட்கார்ந்திருக்கோம். கட்டப்போறது ஒரே வீடு. அது தப்பாப் போச்சுன்னா, சாகுற வரைக்கும் அதுக்குள்ளேயேதான் இருக்கணும்."

"யார் யார் இருக்காங்க?"

"ரெண்டு பேருங்க. ஒருத்தர் ஆதவன். பெரிய ஆள். படம் போட்டுக் காட்டினார். கண்ணை மூடினா அந்த முகப்புதான் தெரியுது. 'உங்க வீடு வானத்தோட பேசும்'னு சொன்னார்."

"இன்னொருத்தர்?"

"ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. படமே காட்டல. கேள்வியாக் கேட்குது. காலையில யார் முதல்ல எந்திரிப்பீங்க, யாருக்கு முட்டி வலி, யார் குறட்டை விடுவீங்க. நான் வீடு கட்டப் போனேனா, வைத்தியம் பார்க்கப் போனேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

அம்மா ஒரு குச்சியைப் பொறுக்கித் தூரப் போட்டார்.

"ரெண்டு பேரும் ஏற்கெனவே வீடு கட்டியிருப்பாங்க இல்ல? அதில் ஒரு வீட்டுக்கு அவங்களையும் கூட்டிக்கிட்டுப் போங்க. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போங்க. வீட்டுக்காரங்களுக்குச் சொல்லாம போங்க."

"போய் எதைப் பார்க்கணும்? சுவரையா, மரவேலையா?"

"கதவைத் தட்டுங்க."

"தட்டிட்டு?"

"தட்டுங்க" என்றார் அம்மா.

*

முதலில் ஆதவனோடு போனார். ஆதவனின் காரிலேயே.

வீடு அழகாகத்தான் இருந்தது. ஆதவன் தெருவின் எதிர்ப்பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, காரை நிறுத்தினார்.

"இங்கேயிருந்து பார்த்தாத்தான் முழு அழகும் தெரியும்."

"உள்ளே போகலாமே."

"சாப்பிடுற நேரம். எதுக்குத் தொந்தரவு?"

மாசிலாமணி தாமே இறங்கிப் போய் மணியை அடித்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் கதவைத் திறந்தார். கையில் வாளி இருந்தது.

"வீட்டைப் பார்க்கலாம்னு வந்தேனுங்க. இதை வரைஞ்சவர் அதோ, கார்ல இருக்கார்."

அந்த மனிதர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அவரேதானா? கொஞ்சம் இருங்க. செருப்பைப் போட்டுட்டு வந்துடறேன்."

அவர் செருப்பைப் போடுவதற்குள் கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

இருவரும் கொஞ்ச நேரம் அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"போன் பண்ணினா எடுக்க மாட்டார்" என்றார் அந்த மனிதர், வருத்தமாக. "ஆபீசுக்குப் போனா ஊர்ல இல்லம்பாங்க. நடுக்கூடத்தில் வானம் தெரியணும்னு கூரையைத் திறந்து விட்டிருக்கார். மழை வந்தா நாங்க மாடிப்படியில வரிசையா உட்கார்ந்து சாப்பிடறோம்."

அன்று லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே போய் ஒரு குடையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"வேண்டாமுங்க, உங்களுக்கு வேணுமே."

"இந்த வீட்டில் ஆளுக்கு ரெண்டு இருக்கு" என்றார்.

மாசிலாமணி பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்தார்.

*

அடுத்து, ஜெசிந்தா வரைந்த ஒரு வீட்டைப் பார்க்க அவளைக் கூப்பிட்டார்.

"வர்றேன் சார். ஆனா அந்த வீட்டில் எனக்குத் திட்டு விழும்."

"அப்போ வேற வீட்டுக்குப் போகலாமா?"

ஜெசிந்தா யோசித்தாள்.

"அங்கேயும் விழும்."

கதவைத் திறந்தவர் பத்மாசனி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஜெசிந்தாவை மேலும் கீழும் பார்த்தார்.

"வந்தியா. காலையிலதான் உன்னை நினைச்சேன். நல்லவிதமா நினைக்கல. உள்ளே வா."

நேரே சமையலறைக்குக் கூட்டிப் போனார்.

"சாயங்காலம் இங்கே நின்னா வெயில் கண்ணுல குத்துது. அடுப்பில் இருக்கிறது ரசமா குழம்பான்னு மோந்து பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறேன்."

ஜெசிந்தா அடுப்பின் முன்னால் போய் நின்றாள். பிறகு முழங்காலை மடக்கி, டீச்சரின் உயரத்துக்குக் குனிந்து, ஜன்னலைப் பார்த்தாள்.

"என் உயரத்துக்கு யோசிச்சுட்டேன் டீச்சர். தப்புதான். சாயங்காலம் வரைக்கும் இருந்து, வெயில் எங்கே விழுதுன்னு பார்த்துட்டுப் போறேன்."

"இருந்துதான் ஆகணும். தட்டை எடு." பத்மாசனி மாசிலாமணியின் பக்கம் திரும்பினார். "நீங்க யாரு?"

"வீடு கட்டப்போறவனுங்க."

"அப்போ நீங்களும் நல்லாச் சாப்பிடுங்க. தெம்பு வேணும்."

சாப்பாடு முடியும்வரை திட்டு நிற்கவில்லை. குளியலறைத் தண்ணீர் ஓட்டத்துக்கு ஒரு கரண்டி குழம்பு, செருப்பு வைக்கும் இடத்துக்கு ஒரு கரண்டி குழம்பு என்று ஜெசிந்தாவின் தட்டில் விழுந்துகொண்டே இருந்தது. அவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். நடுவில் எழுந்து போய்க் குளியலறைத் தரையில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

வெயில் இறங்கியது. மூன்று பேரும் அடுப்பின் முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

"குத்துதுங்க" என்றார் மாசிலாமணி.

*

மறுநாளே ஆசிரமத்துக்கு வந்துவிட்டார்.

"ஒரு முடிவுக்கு வந்துட்டேன்மா. ஆதவனை அவர் முகத்துக்கு நேரா யாரும் ஒரு குறை சொல்லல."

"சரி."

"அந்தப் பொண்ணைச் சாப்பிடும்போது திட்டினாங்க. சாப்பிட்ட பிறகும் திட்டினாங்க. கிளம்பும்போது வாசல்ல நிற்க வச்சுத் திட்டினாங்க. அதனால ஆதவனுக்கே கொடுத்துடலாம்னு."

அம்மா கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்.

"வீட்டில் உங்களை யாராவது திட்டுவாங்களா?"

"ஏன், என் வீட்டுக்காரி பூங்கோதை திட்டுவா. தினமும்."

"உங்க தம்பியும் உங்களோடதானே இருக்கார்? அவரைத் திட்டுவாங்களா?"

"அவனை எதுக்கும்மா திட்டப்போறா? அவன்கிட்ட வாயைத் திறந்தாலே சட்டையை மாட்டிக்கிட்டு வெளியே போயிடுவான். சொல்லி என்ன பிரயோஜனம்? நான்தான் உட்கார்ந்து கேட்பேன். கேட்டுட்டு, முடிஞ்சதைச் சரி பண்ணுவேன். அதனாலதான் அவ என்னை மட்டும்..."

மாசிலாமணியின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.