ஆற்றங்கரை மதிலைத் தொடாதவன்

கங்கையைச் சடையில் ஏந்தியும் அதைத் தனக்கென்று அடைத்து வைக்காமல் உலகுக்கு ஒழுகவிட்ட பெருமானின் திருவடிகளை முதற்கண் வணங்குகிறேன். அவன் அருள் துணைநின்றால் சொல் வழுவாது.

முன்னொரு காலத்தில் பொன்மருதூரைத் தலைநகராகக் கொண்டு கம்பீரவர்மன் என்றொரு மன்னன் ஆண்டு வந்தான். காலையில் அவன் விரும்பியது மாலையில் அவனுக்குக் கசக்கும். அரண்மனை அதிகாரி வீரணர் அந்த நிலையாத மனத்தை அறிந்து பிழைத்தவர். அமைச்சர் மழவராயரோ அதை அறிந்து அஞ்சியவர்.

அந்நகரில் சிவன் கோயில் திருவிழாவை ஒட்டிப் பெருஞ்சந்தை கூடும். சந்தைத் திடலுக்கும் ஆற்றுக்கும் இடையே மருதமரங்கள் நிழல் பரப்பிய நீண்ட கரை ஒன்று இருந்தது. யாவரும் அவ்வழியே நடப்பர். மாடுகள் அங்கே இறங்கி நீர் குடிக்கும். "இக்கரையை எவரும் உழாமலும் வளைக்காமலும் பொதுவழியாகக் காக்க வேண்டும்" என்று மழவராயர் விண்ணப்பித்திருந்தார். மன்னனும் தலையசைத்திருந்தான்.

வீரணருக்கு அது பொறுக்கவில்லை. "மன்னர்பிரானே, சந்தையை வேடிக்கை பார்க்கத் தங்களுக்கு ஓர் இடம் வேண்டாமா? மாட்டு நாற்றம் அண்டாமல் அக்கரையில் ஒரு பூங்காவனம் அமைத்தால் என்ன?" என்றார்.

"அமைச்சர் பொதுவழி கேட்டாரே?"

"அமைச்சருக்கு மாடுகளின் மீது பரிவு அதிகம். மன்னர் மீது எவ்வளவு என்று தெரியவில்லை."

அவ்வளவுதான், மருதமரங்கள் சில வெட்டுண்டு விழ, மதில் எழுந்தது. மதிலுக்கும் ஆற்றுக்கும் நடுவே எஞ்சியது ஒரு முழங்கூட இல்லை. சுண்ணச் சாந்து கறைபடும் என்று சொல்லி, "யாராயினும் மதிலைத் தொட்டால் கசையடி" என்று வீரணர் பறையறைவித்தார்.

திருவிழாக் கொடி ஏறியது. விழாவில் நாள்தோறும் கோயில் நீராட்டுக்கான தீர்த்தக்குடம் எடுப்பது அந்நாட்டில் அரசன் செய்ய வேண்டிய திருப்பணி. ஆறு வலப்புறம் இருக்க, வெறுங்காலோடு கரைவழியே வர வேண்டும். வேறு வழியில் வந்த நீரைக் கோயில் ஏற்காது. அரசனுக்கும் அவனுக்குப் பதிலாகக் குடம் சுமக்கும் ஊழியன் ஒருவனுக்கும் மட்டுமே கொடியேற்றத்தன்று காப்புக் கட்டுவார்கள். விழா முடியும்வரை மூன்றாமவர் குடத்தைத் தொடலாகாது.

அவ்வாண்டும் ஊழியனாகக் காப்புக் கட்டிக்கொண்டவன் சடையாண்டி. மறுநாள் விடியலில் நிறைகுடத்தோடு அந்த ஒடுங்கிய விளிம்பில் வந்தான். கால் வழுக்கியது. இடக்கை மதிலை நோக்கி நீண்டது. காவலன் கையிலிருந்த கசையைக் கண்டதும் மடங்கிக்கொண்டது. குடமும் அவனும் ஆற்றில் விழுந்தனர். வெள்ளம் குடத்தை மட்டும் கரையில் ஒதுக்கிற்று.

அவையில் செய்தி சொல்லப்பட்டது. "நடக்கத் தெரியாதவனுக்கு யார் காப்புக் கட்டினார்கள்?" என்றான் மன்னன்.

"இருபது ஆண்டாக நடந்தவன் அவன். நடக்க இடந்தான் இல்லாமற்போயிற்று" என்றார் மழவராயர்.

வீரணர் நகைத்தார். "அமைச்சரே, மதில் என்ன காலை நீட்டி இடறிவிட்டதா?"

"அதை நாளை மன்னரே சொல்வார். காப்புக் கட்டிக்கொண்டவர்களில் எஞ்சியிருப்பவர் அவர் ஒருவரே. நாளைய நீரை வேறு யார் சுமப்பது?"

மன்னனின் மீசை துடித்தது. "ஒரு குடம் சுமக்க எனக்குத் தெரியாதா? மதிலைத் தொடாமல் நடந்து காட்டுகிறேன். காட்டினால் நீர் நாட்டை விட்டே போக வேண்டும்."

"அப்படியே. தொட்டுவிட்டால்?"

"மதிலை இடிக்கிறேன். போதுமா? வீரணரே, குடை பிடித்துப் பின்னால் வாரும். ஆற்றில் ஒரு படகும் நிற்கட்டும்."

"சடையாண்டிக்குப் படகு நிற்கவில்லை. மன்னருக்காவது நிற்கட்டும்" என்றார் மழவராயர்.

மறுநாள் சந்தையே எதிர்க்கரையில் திரண்டு நின்றது. மன்னன் தலையில் குடம். பின்னால் குடையோடு வீரணர். மதிலின் நடுப்பகுதியை எட்டியபோது ஈரமண் மன்னனின் குதிகாலுக்கடியில் சரிந்தது. நொடிப்பொழுதில் அவன் இடக்கை மதிலைப் பற்றிக்கொண்டது; வலக்கை குடத்தை விடவில்லை. வீரணர் குடையை ஆற்றில் எறிந்துவிட்டு, மதிலை இரு கையாலும் தழுவிக் கண்ணை மூடிக்கொண்டார். எதிர்க்கரையில் சிரிப்பலை எழுந்தது.

சிரிப்பு அடங்கும்வரை, படகில் நின்ற மழவராயர் காத்திருந்தார். "கசை எங்கே, வீரணரே?"

"அது... அது குடிமக்களுக்காக..." என்று முனகினார் வீரணர்.

"யாராயினும் என்றுதானே பறையறைந்தீர்?" அவர் மன்னனை நோக்கினார். "மன்னா, தங்கள் ஆணையை மீறித் தாங்கள் பிழைத்தீர்கள். அதைக் காத்த ஒருவன் நேற்று இறந்தான்."

மன்னன் அந்த நீரைக் கோயிலில் சேர்த்தான். பிறகு வெளியே வந்து, வீரணரின் கையில் கடப்பாரையைக் கொடுத்து, "முதல் கல்லை நீர் பெயர்த்தெடும்" என்றான். மதில் வீழ்ந்தது. சந்தைத் திடலை ஒட்டிய கரை முழுவதும் மரங்களோடு பொதுவழியாயிற்று. அரசனே ஆயினும் அதை வளைக்கலாகாது என்று கல்லில் பொறித்தார்கள். வெட்டுண்ட மரங்களுக்கு ஈடாகக் கன்றுகளை நட்டு, நாள்தோறும் நீரூற்றும் பணி வீரணருக்கு வந்தது.

மன்னன் தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினான். "ஒரு நாள் பிந்தி வந்த அறிவுக்குப் பரிசு வேண்டாம், மன்னா" என்று மழவராயர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

மன்னன் சடையாண்டியின் மனைவி வடிவாச்சியை அழைத்தான். "அம்மா, அந்த வழிக்கு உன் கணவன் பெயரையே சூட்டுகிறேன்."

"வேண்டாம் மகாராசா," என்றாள் அவள். "ஊரே அந்தப் பேரைச் சொல்லும். எத்தனை தரம் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க ஆள் இல்லியே."

மன்னன் தலைகுனிந்தான். அவ்வழி பெயரில்லாமலேயே நின்றது. நிழல் வளர்ந்தது, ஊர் முழுவதும் அதில் நடந்தது. வடிவாச்சி மட்டும் சந்தைக்குப் போகும்போதெல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

இதைக் கேட்ட உங்கள் கால்கள் வழுக்காதிருக்கட்டும். வழுக்கினாலும் பற்றிக்கொள்ள அச்சமின்றி ஒரு கை நீளட்டும். உங்கள் ஊர் ஆறு வற்றாமல் ஓட, அதன் கரை யாவர்க்கும் திறந்திருக்க, எம்பெருமான் அருள்வானாக.