ஓடைக்கரைப் பள்ளியின் முதல் மாணவன்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு, எதையும் எண்ணிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்ற பித்துப் பிடித்துச் சரியாக இருபத்தொரு நாள் ஆகியிருந்தது. முதல் வாரம் கோட்டை மதிலில் உட்காரும் காக்கைகளை எண்ணச் சொன்னார். இரண்டாம் வாரம் அமைச்சர்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை தும்முகிறார்கள் என்று எண்ணினார்கள். குறைவாகத் தும்மியவருக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே சபையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இருபத்தொன்றாம் நாள் காலையில் ராஜா கேட்டார்: "நம் நாட்டில் நூற்றுப் பன்னிரண்டு பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. எது நல்லது, எது மட்டம்? யாருக்காவது தெரியுமா?"

அமைச்சர்கள் மூக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"பள்ளிக்கு ஓர் எண் வேண்டும் எனக்கு. அதைப் பார்த்தவுடன் தெரிந்துவிட வேண்டும்."

அரசவைப் பண்டிதர் அனந்தகீர்த்தி எழுந்து மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"மகாராஜா, எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாளில், ஒரே தேர்வு. நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், நான்கு வட்டங்கள். சரியான வட்டத்தில் மாணவன் மை பூச வேண்டும். திருத்துவதற்கு நான் ஒரு துளை ஓலை செய்து வைத்திருக்கிறேன். சரியான விடை உள்ள இடத்தில் மட்டும் அதில் துளை இருக்கும். மாணவனின் ஓலையை அதன் அடியில் வைத்தால், எத்தனை துளையில் கருப்புத் தெரிகிறதோ அத்தனை மதிப்பெண்."

"திருத்துகிறவர்கள் வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டினால்?"

"காட்ட முடியாது. துளை ஓலையைப் பலகையில் பொருத்தி, சுற்றிலும் துணி கட்டிவிடுவோம். ஒருவன் பள்ளியின் ஓலைப் பையைத் துணிக்குள் வைத்து, பதிவு வரிசைப்படி ஒவ்வோர் ஓலையாகத் தடவி எடுத்துச் செருகுவான். இன்னொருவன் துளைகளை மட்டும் பார்த்து எண்ணுவான். அது யாருடைய ஓலை, எப்படிப்பட்ட ஓலை என்று எவன் கண்ணிலும் படாது. எண்ணுகிறவனுக்கு எழுத்துக்கூடத் தெரிய வேண்டியதில்லை. கருப்புத் தெரிந்தால் போதும்."

ராஜா தொடையில் தட்டினார். "பள்ளியின் எண்?"

"அதன் மாணவர்களில் முதலாவதாக வருபவன் வாங்கும் எண்தான் பள்ளியின் எண்."

பண்டிதரின் தங்கை மகன் அரண்மனைப் பள்ளியில் படித்தான். அது சபைக்குத் தெரியும். சபை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தூணோரம் இருந்த விகடன் கூத்தப்பன் மட்டும் வாய் திறந்தான். "பண்டிதரே, ஒரு சந்தேகம். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். பள்ளிக்கூடத்தை எந்தப் பக்கம் தட்டுவது?"

ராஜா சிரித்தார். பண்டிதர் சிரிக்கவில்லை. பதினோரு வருடமாக அவர் சொன்ன எந்தச் சுலோகத்துக்கும் ராஜா இப்படி முகம் மலர்ந்ததில்லை.

தேர்வு நடந்தது. அரண்மனைப் பள்ளி முப்பத்தெட்டு வாங்கிப் பொன்கொடி பெற்றது. கடைசியில் வந்தது ஓடைக்கரைப் பள்ளி. துணி வெளுப்பவர்கள், சூளையில் வேலை செய்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. ஒன்பது மதிப்பெண், சிவப்புக்கொடி.

"பதினெட்டு நாள் கழித்து எல்லோருக்கும் மறுதேர்வு வைப்போம். அதிலும் சிவப்பு வாங்கினால் பள்ளியை மூடிவிடலாம்" என்றார் பண்டிதர். "அந்த இடத்தில் அரண்மனை ஊறுகாய் வைக்கக் கிடங்கு கட்டலாம், மகாராஜா. அதுவரை அந்தப் பள்ளிக்கு நம் கூத்தப்பனையே தலைவராகப் போட்டால் என்ன? எல்லோரையும் சிரிக்க வைக்கிறவர், நான்கு பிள்ளைகளைப் படிக்க வைக்க மாட்டாரா? முடியாவிட்டால், சபையில் அவருக்கு என்ன வேலை என்று நாம் யோசிக்கலாம்."

ராஜாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "ஆகட்டும்" என்றார்.

பண்டிதர் கேள்வி ஓலையை எடுத்துவந்து கூத்தப்பனின் மூக்குக்கு நேரே நீட்டினார். "தலைவரே, முதல் கேள்வியைச் சபைக்குப் படித்துக் காட்டும்."

கூத்தப்பன் ஓலையைத் தொடவில்லை. "நீங்களே படியுங்கள் பண்டிதரே. உங்கள் குரலைக் கேட்டால்தான் எனக்கு நல்ல தூக்கம் வரும். நேற்றும் சரியாகத் தூங்கவில்லை."

சபை வெடித்துச் சிரித்தது. பண்டிதர் ஓலையைச் சுருட்டிக்கொண்டு போனார். சிரிப்பு அடங்கும் வரையில் கூத்தப்பன் வேட்டியில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் ஓடைக்கரைக்குப் போனான். ஆசிரியை செங்கமலம் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வாங்கய்யா. எங்களைச் சிரிக்க வைக்க வந்தீங்களா, இல்லை ஊறுகாய்ச் சாடிக்கு இடம் அளக்க வந்தீங்களா?"

"சாடிக்கு முன்னாடி என்னைத்தான் ஊறப்போடப் போறாங்க, வாத்தியாரம்மா. பிள்ளைங்க எதிலே தப்புப் பண்ணினாங்க? கேள்வியைக் கொஞ்சம் படிங்க, கேப்போம்."

அவள் படித்தாள். "பால் எங்கிருந்து வருகிறது? மாடு, ஆடு, எருமை, வெள்ளிச் செம்பு. எங்க பிள்ளைங்க முதல் மூணையும் கருப்பாக்கிட்டாங்க. மூணும்தானே கறக்குது?"

"சரியான விடை?"

"வெள்ளிச் செம்பாம்."

கூத்தப்பன் மோவாயைத் தடவினான். "அடுத்தது?"

"மழை வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? காயப்போட்ட துணியை எடுக்கணும்னு முப்பத்தொரு பிள்ளைங்களும் ஒரே மாதிரி போட்டிருக்காங்க. வேற என்னய்யா செய்வாங்க? விடை, குடை பிடிப்பவனைக் கூப்பிட வேண்டும்."

"இவ்வளவுக்கும் நடுவிலே ஒன்பது வாங்கினது யாரு?"

பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். பூவாத்தா என்று பெயர். இரண்டு முன்பற்கள் இல்லை.

"ஒன்பதும் தெரிஞ்சா போட்டே, தாயி?"

"இல்லைங்க. நாலுதான் தெரிஞ்சது. அப்புறம் மைச்சிரட்டை கவுந்திருச்சு. ஓலையோட மூலையெல்லாம் கருப்பாயிருச்சு. அதுக்கு அஞ்சு போட்டுட்டாங்க."

கூத்தப்பன் அவளை மறுபடியும் சொல்லச் சொன்னான். அவள் சொன்னாள். அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வாத்தியாரம்மா, வழி கிடைச்சாச்சு! மறுதேர்விலே எல்லாப் பிள்ளைங்களும் மைச்சிரட்டையைக் கவுத்திட்டா..."

"அது நடக்காதுய்யா." செங்கமலத்தின் குரல் உயரவில்லை. ஆனால் வகுப்பு அமைதியானது. "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லணும்னு நான் சொல்லிக்கொடுத்திருக்கேன். பள்ளியை மூடினாலும் சரி, என் பிள்ளைங்க கை அதைச் செய்யாது."

அவள் சொன்னது கூத்தப்பனுக்கு எங்கோ தைத்தது.

பிறகு, "விதி ஓலையை ஒரு தடவை படிங்க" என்றான். "எனக்கு வெயில்லே கண்ணு கூசுது."

அன்று வானம் மூடியிருந்தது. செங்கமலம் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு படித்தாள். "தேர்வு எழுதுபவரின் பெயர் பள்ளிப் பதிவில் இருக்க வேண்டும். பதினைந்து நாள் விடாமல் பள்ளியில் இருந்திருக்க வேண்டும். ஓலையில் வேறு எவரும் மை பூசக் கூடாது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கூத்தப்பன் பிள்ளைகள் நடுவில் போய், எதையோ கைகாட்டி விசாரித்துவிட்டு வந்தான். "அப்போ பதிவிலே இன்னும் ஒரு பேரு சேருங்க. பெரியவன். தகப்பன் பேரு சடையாண்டி, குயவர். நாலு வருஷமா இங்கேயேதான் இருக்கான். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கலை."

"யாருய்யா அது?"

அவன் குனிந்து அவள் காதில் சொன்னான். செங்கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பதிவு ஓலையை எடுத்து, சிரிப்பில் குலுங்கும் தோள்களோடு அந்தப் பெயரை எழுதினாள்.

மறுதேர்வு முடிந்தது. ஓடைக்கரையின் முறை வந்தபோது எண்ணுகிறவன் எண்ணினான், நிறுத்தினான், மறுபடி எண்ணினான்.

"நாற்பது, மகாராஜா."

"யார்?"

"பதிவில் 'பெரியவன்' என்று இருக்கிறது" என்றான் பதிவு ஓலையை வைத்திருந்தவன்.

அரண்மனைப் பள்ளி இந்த முறையும் முப்பத்தெட்டுதான். பண்டிதர் தாமே பலகைக்கு ஓடிவந்து துளைகளில் கண்ணை வைத்து எண்ணினார். நாற்பது துளை, நாற்பது கருப்பு.

"ஒன்பதிலிருந்து நாற்பது!" என்றார் ராஜா. "பதினெட்டே நாளில் முப்பத்தொரு மதிப்பெண் வளர்ச்சி! பண்டிதரே, உம் துளை ஓலை பிழை செய்யுமா?"

பிழை செய்யும் என்றால் தங்கை மகனின் பொன்கொடி போய்விடும். "செய்யாது, மகாராஜா. தேர்வு நன்றாக இருந்தால் எந்தப் பள்ளியும் உயரும். இது நான் வகுத்த முறையின் வெற்றி."

"அப்படியானால் முதல் மாணவனுக்கு நீரே மாலை போடும். வரச் சொல்லுங்கள் அவனை!"

இரண்டு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கிவந்து, துணி போர்த்திய ஓர் உருவத்தைச் சபை நடுவில் இறக்கினார்கள். பின்னால் செங்கமலம் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏன் நடந்து வரவில்லை?" என்றார் ராஜா.

"உட்கார்ந்தே பழக்கம், மகாராஜா" என்றான் கூத்தப்பன். "கொஞ்சம் வயிறு பெருத்தவன்."

பண்டிதர் மாலையை எடுத்துக்கொண்டு வந்தார். கூத்தப்பன் துணியை உருவினான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியானக் கூழ் காய்ச்சும் பெரிய மண்பானை அது. நாலு வருடக் கரி அடிவயிறெங்கும் பூத்திருந்தது.

"மகாராஜா, பிள்ளைகள் இவனைப் பெரியவன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஓலையை இவன்மேல் சாய்த்து வைத்தோம், அவ்வளவுதான். வேறு யாரும் மை பூசவில்லை. சரியான நாற்பது வட்டமும் கருத்தது. தப்பான நூற்றிருபது வட்டமும் கருத்தது. அந்த நூற்றிருபதைப் பார்க்கத்தான் பண்டிதரிடம் துளை இல்லை."

ராஜா பானையைப் பார்த்தார். மாலையோடு நின்ற பண்டிதரைப் பார்த்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு சிம்மாசனத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"போடும் பண்டிதரே, போடும்! உம் முறையின் வெற்றி அல்லவா!"

பண்டிதர் மாலையைப் பானையின் கழுத்தில் போட்டார். அவர் விரலெல்லாம் கரியானது. எங்கோ ஓர் அமைச்சர் இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த தும்மலைத் தும்மினார்.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஓடைக்கரைப் பள்ளி இருக்கட்டும். ஊறுகாய் வேறெங்காவது ஊறட்டும். கொடிகள் எல்லாவற்றையும் இறக்குங்கள். பண்டிதரே, நூற்றுப் பன்னிரண்டு பள்ளிக்கும் போய், பள்ளிக்கு ஒரு நாள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து சொல்லும், எது எப்படி இருக்கிறதென்று. பால் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டுக்கொண்டு வாரும்."

செங்கமலம் கைகூப்பினாள். அப்போதுதான் அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"கூத்தப்பா, நீ கேள். எதுவானாலும் தந்தேன்."

"எதுவானாலுமா, மகாராஜா?"

"எதுவானாலும்."

"ஓடைக்கரைப் பள்ளியில் ஓர் இடம் வேண்டும். பூவாத்தாவுக்குப் பக்கத்தில், பின்வரிசையில்."

ராஜா மறுபடி சிரிக்கத் தொடங்கினார். "தந்தேன், தந்தேன்! ஆனால் நீதான் அந்தப் பள்ளிக்குத் தலைவன் ஆயிற்றே. பல் விழுந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய்?"

சபை முழுவதும் அவன் வாயையே பார்த்தது. பதில் சொல்ல அவனிடம் மூன்று வேடிக்கைகள் தயாராக இருந்தன. மூன்றுமே நல்லவை. பண்டிதர் தலையை உயர்த்திக் கூர்ந்து பார்ப்பது தெரிந்தது. கூத்தப்பன் செங்கமலத்தைத் திரும்பிப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. காத்திருந்தாள்.

அவன் வேட்டியில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மகாராஜா."