சேலைமேல் விழுந்த கறை

தூத்துக்குடியில் துணிக்கடை வைத்திருந்த தங்கப்பழம் அண்ணாச்சி குரலை உயர்த்தினால் கடையில் ஃபேன்கூட மெதுவாகத்தான் சுற்றும். அவருடைய தீபாவளி விளம்பரத்துக்குப் படம் எடுக்க வந்தவள் ஜெபராணி. கல்யாண வீடுகளில் மட்டுமே எடுத்துப் பழகியவளுக்கு இது முதல் விளம்பர வேலை.

உப்பளத்தில், சாயங்காலச் சூரியனுக்கு முன்னால் மாடல் பெண்ணைப் பச்சைச் சேலையில் நிறுத்தி எடுத்தாள். லென்ஸில் நேராக வெயில் பட்டதால் படம் முழுக்கப் பொன்னிறம் பரவி, குறுக்கே ஒளிவட்டங்கள் மிதந்தன.

கூடவே வந்திருந்த அண்ணாச்சி கேமராவை எட்டிப் பார்த்துச் சீறினார். "என்னம்மா இது, சேலையெல்லாம் மஞ்சளடிச்சு, வட்டம் வட்டமா கறை? சூரியனும் தெரியணும், கறையும் விழக் கூடாது. முடியலைன்னா சொல்லு, வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்."

ஜெபராணி பணிவாகச் சொன்னாள்: "சரி அண்ணாச்சி. வெளிச்சம் பாக்கணும், நீங்க கொஞ்சம் அங்க நில்லுங்க."

அவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, மாடல் பெண் நின்ற இடத்தில் போய் நின்றார். எடுத்த படத்தைக் காட்டினாள். தலையைச் சுற்றிப் பொன்வெயில், தோளில் ஒளிவட்டங்கள். அண்ணாச்சி வெகுநேரம் பார்த்தார்.

"என் வீட்டுக்காரி பாக்கணுமே இதை! பெருசா பிரேம் போட்டுக் குடும்மா."

"போட்டுருதேன் அண்ணாச்சி. மொதல்ல இந்தக் கறையை அழிச்சிருதேன்."

"ஏய், தொடாத!" என்று கத்திவிட்டார். மாடல் பெண் களுக்கென்று சிரித்தாள். அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, அந்தப் பிள்ளைக்கும் கறை வச்சே எடு. ஆனா எனக்கு வச்சதைவிடக் கொஞ்சம் கம்மியா வையி."