கரி விழுங்கிய உப்பு

கதையைக் காதில் வாங்குங்கள். விடையை மட்டும் அவசரப்பட்டு உளறிவிடாதீர்கள்.

தூத்துக்குடி உப்பளத்து ஓரத்தில் மரியபுஷ்பம் என்றொருத்தி இருந்தாள். தேங்காய்ச் சிரட்டையைக் காற்றுப் புகாத உலையில் சுட்டுக் கடுங்கரி ஆக்குவாள். அந்தக் கரியையும் உப்பிலிருந்து பிரித்த சோடியத்தையும் வைத்து பேட்டரி செய்வாள். கரிக்கு ஒரு குணம் உண்டு. முதல்முறை ஊட்டும்போது அரைப்பிடி உப்பின் சோடியத்தை விழுங்கிவிடும். தலைகீழாக நின்றாலும் கக்காது. அதற்குப் பிறகு கொடுத்ததைக் கொடுத்தபடி திருப்பித் தரும்.

புயலில் கரண்ட் போய்விட்டது. மகள் செலினுக்கு மூச்சுக் கருவி ஓடியாக வேண்டும். புது பேட்டரி தயார், ஊட்டத்தான் உப்பு இல்லை. அளம் முழுக்க மழையில் கரைந்திருந்தது. வீட்டில் இருந்தது அரைப்பிடிதான். இறந்துபோன கணவன் சந்தியாகுவின் புதைகுழியில் போட்டதுபோக மிஞ்சியது. சாவு உப்பை வீட்டுக்குக் கொண்டுபோகாதே என்று ஊரே சொல்லியும் முந்தானையில் முடிந்து வந்திருந்தாள். அதைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை.

விளக்கு வைத்தபின் யாரும் உப்புக் கொடுக்கமாட்டார்கள். அன்று அந்தியில் ஒருத்தி மரக்கால் நிறைய உப்போடு வாசலில் நின்றாள். வந்த வழியின் ஈர மண்ணில் காலடித் தடமே இல்லை.

"எடுத்துக்கிடு. விடிஞ்சதும் எம் உப்பு எனக்கு வந்திரணும். குறைஞ்சா உம் மவ மூச்சை எடுத்துக்கிடுவேன். வேற உப்பைக் கலந்தா என் நாக்கு சொல்லிரும்."

கரியின் குணம் மரியபுஷ்பத்துக்குத் தெரியாததா? உள்ளே செலின் திணறும் சத்தம் கேட்டது. "சரி" என்றுவிட்டாள்.

கருவி இரவெல்லாம் ஓடியது. விடிந்ததும் வந்தவள் உப்பை அளந்தாள், நக்கிப் பார்த்தாள். அவளுடைய உப்பேதான், ஒரு கல்கூடக் குறையவில்லை. சோடியம் மறுபடி எப்படி உப்பானது என்று கேட்காதீர்கள். பேயை நம்பியவர்கள் இதையும் நம்பலாம்.

கரி விழுங்காமல் விடாது. வாங்கிய உப்பிலோ குறைவில்லை. அப்படியானால் மரியபுஷ்பம் செய்தது என்ன?

விடை இதுதான். அழுதுகொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சந்தியாகுவின் உப்பைத்தான் முதலில் ஊட்டினாள். கரி அதை முழுதாக விழுங்கி அடங்கியது. வந்தவளின் உப்பு அதற்குப் பிறகே உள்ளே போனது, போனபடியே திரும்பியது.

போகும்போது வந்தவள் பேட்டரியில் காதை வைத்தாள். "உள்ள ஒரு ஆம்பள மூச்சு விடுதானே?"

"எங்க வீட்டுக்காரரு. அவரு வெளிய வரமாட்டாரு," என்றாள் மரியபுஷ்பம். "பிள்ளை பக்கத்துல இருக்கணும்லா."