சடையன் பிடுங்கிப் போட்ட மூன்று மரங்கள்

ராஜா என்றால் ஏழு ராணிகள் இருப்பார்கள் என்று எல்லாரும் நினைக்கிறீர்கள். இது கடுமையான பிழை, இன்றே திருத்திக்கொள்ளுங்கள். ஒரு மலை நாட்டில் இருந்த ராஜாவுக்கு ஒரே ராணி. அவளும் செத்துப்போனாள். ஏழாக இருந்தவை அவள் சமாதிக்குப் போகும் சாலையில் நின்ற சைப்ரஸ் மர வரிசைகள்தான். கோபுரம் மாதிரி கூம்பாக நிற்குமே, அதுதான். பார்க்காதவர்கள் பார்த்த மாதிரி தலையாட்டுங்கள்.

அந்த மரங்களுக்கு நோய் வந்தது. பட்டை வெடித்து, பிசின் வழிந்து, நுனியிலிருந்து கருகின. தோட்டக்காரன் போஜன் தினமும் தடவித் தடவிப் பார்ப்பான், கையெல்லாம் பிசின். மரங்களைக் கத்தரித்து அழகு பண்ணும் சடையனிடம், "நோய் மரத்தை வெட்டின கத்தியாலயே நல்ல மரத்தையும் வெட்டுறியே, நெருப்புல காட்டினா என்ன?" என்று கேட்டான். சடையன் நேரே ராஜாவிடம் போய், "போஜன் கை பட்ட மரமெல்லாம் சாகுது, சாமி" என்றான்.

"எவன் மரம் செத்தாலும் அவனுக்கு இருட்டறை" என்றார் ராஜா.

போஜனை உள்ளே அடைத்தார்கள். அவன் மனைவி மாதி ராஜா முன்னால் வந்து நின்றாள். "சாகாத மரம் கொண்டாந்தா அவரை விடுவீங்களா, சாமி?"

"விடுறேன்."

அப்புறம் மாதி நூறு கன்று வளர்த்து, ஒவ்வொன்றையும் கீறி நோய்ப் பிசினைத் தடவினாள். "புருசன் உள்ள போனதும் புத்தியும் போயிடுச்சு" என்றது ஊர். தொண்ணூறு செத்தன. பிழைத்தவற்றின் விதையைப் போட்டு, மறுபடி தடவினாள், மறுபடி செத்தன. பிழைத்ததின் விதையைப் போட்டு, மறுபடி தடவினாள். சைப்ரஸ் விதை கொடுக்க வருஷக்கணக்காகும். கதையில்தான் ஒரு வரி. கடைசியில் மூன்று மரம் நின்றன. மூன்றும் கோணல். மாதிக்குத் தலை நரைத்திருந்தது.

மூன்றையும் தொட்டியில் வைத்துக் கொண்டுவந்தவளை அரண்மனை வாசலில் சடையன் மறித்தான். "இந்தக் கோணலையா ராஜாவுக்குக் காட்டப் போறே?" தொட்டியிலிருந்து மூன்றையும் பிடுங்கிக் குப்பையில் எறிந்துவிட்டு, தன் தோட்டத்திலிருந்து மூன்று நேரான கன்றை அதில் நட்டான்.

"யார் மரம்?" என்றார் ராஜா.

"என் மரம், சாமி."

"யார் வளர்த்தது?"

"நான்தான், சாமி. மாதியோடது எல்லாம் செத்துப்போச்சு."

மழை வந்தது, மழையோடு நோயும் வந்தது. முதல் மரம் கருகியது. அப்புறம் இரண்டாவது. அப்புறம் மூன்றாவது. ராஜா மறுபடி, "யார் மரம்?" என்று கேட்டார். அப்போது மாதி அவரைக் குப்பைமேட்டுக்குக் கூட்டிப் போனாள். அவள் எடுத்து ஊன்றி வைத்திருந்த மூன்றும் பச்சையாக நின்றன.

சடையன் இருட்டறைக்குள் போனான், போஜன் வெளியே வந்தான். அத்தனை வருஷத்து இருட்டில் அவனுக்குக் கண் போயிருந்தது. மாதி அவன் கையைப் பிடித்து ஒரு மரத்தில் வைத்தாள். அவன் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தான்.

கையில் பிசின் ஒட்டவில்லை.