பேச்சு நின்றுபோன ஜிபிஎஸ்

கூகைமலையில் மூடுபனி இறங்கிவிட்டால் காகங்கள் பறக்காது, நடந்துதான் போகும். நான் பார்த்திருக்கிறேன். ஒரு காகம் என்னிடமே வழி கேட்டது. எனக்கும் தெரியாததால் இரண்டு பேரும் சேர்ந்தே தொலைந்தோம்.

அந்த மலையடிவாரத்து மடத்தில் குருவுக்கு வயது முப்பத்தாறு. சின்னச்சாமி என்பார்கள். சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வயது வித்தியாசத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆவுடையப்பனின் முழங்காலைத் தவிர. குருவை விழுந்து வணங்கியபின் அது எழுந்திருக்க மறுக்கும்.

அந்த வருஷ மழையில் மலைக்கோயில் பாதை சரிந்துவிட்டது. ஆவுடையப்பன் கையில் ஒரு ஜிபிஎஸ் கருவியைப் பிடித்தபடி காட்டுக்குள் நடந்து புதுப் பாதை ஒன்றைக் கண்டுபிடித்து வந்தார். அட்டைகள் அவரைப் பாதி குடித்துவிட்டன. நடந்த தடம் முழுக்கக் கருவிக்குள் பதிவாகியிருந்தது. அன்று மாலைக்குள் அது வனத்துறை அலுவலகத்துக்கு மெயிலில் போக வேண்டும். போகாவிட்டால் கார்த்திகை தீபத்துக்கு ஒருவரும் மலையேற முடியாது.

ஆனால் கம்ப்யூட்டருக்கோ அப்படி ஒரு கருவி உலகத்தில் இருப்பதே தெரியவில்லை.

மத்தியானம் ஆவுடையப்பன் கருவியையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு குருவிடம் வந்தார்.

“சாமி, ஒரு சந்தேகம். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. கேபிளும் மாட்டியாச்சு. அப்புறமும் ஏன் ஒண்ணை ஒண்ணுக்கு அடையாளம் தெரியல?”

“கருவி உயிரோட இருக்கா?”

“ஜம்முனு இருக்கு. திரையில பாதை தெரியுது.”

“லேப்டாப்பு?”

“பென் டிரைவ் போட்டா உடனே எடுத்துக்குது.”

“கேபிள்?”

“மூணு மாத்திப் பார்த்துட்டேன். டிரைவர் சாஃப்ட்வேரை அழிச்சுட்டுத் திரும்பப் போட்டேன். அணைச்சு அணைச்சு எழுப்பினேன். கடைசியில பிள்ளையாருக்குச் சிதறுகாயும் விட்டேன்.”

“பிள்ளையார் என்ன சொல்றார்?”

“அவருக்கும் அடையாளம் தெரியலையாம்.”

குரு கருவியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். அவர் அதுவரை அதைத் தொட்டதில்லை. காதில் வைத்துக்கூடப் பார்த்தார்.

“கேபிள் லொடலொடன்னு ஆடுதோ?”

“இல்ல சாமி. முன்னைவிட இறுக்கமா உக்காருது.”

“முன்னைவிடவா?”

“ஆமா.”

“எதுக்கு முன்ன?”

ஆவுடையப்பன் யோசித்தார். “ஆயுத பூஜைக்கு முன்ன.”

குரு கருவியை மூக்கருகே கொண்டுபோனார். பின்பக்கத்து ரப்பர் மூடியைத் திறந்து மறுபடியும் முகர்ந்தார்.

“பெரியவரே, சாட்டிலைட்டுக்குச் சந்தன வாசனை உண்டா?”

ஆவுடையப்பன் தன் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டார்.

“எங்கெங்க பொட்டு வச்சீங்க?”

“தலையில, முதுகுல, ஒவ்வொரு பட்டன்லயும். இத்தனை ஜனத்தை மலைக்குக் கூட்டிட்டுப் போகப்போற கருவியாச்சே, ஒரு இடமும் விட்டுப்போகக் கூடாதுன்னு…”

“மூடிக்கு உள்ளயுமா?”

“அங்கதான் சாமி, கொஞ்சம் தாராளமா.”

குரு விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினார். கருவியை அணைக்கச் சொல்லி, கேபிள் செருகும் துளையை மெல்லச் சுரண்டினார். காய்ந்த சந்தனமும் குங்குமமும் பொடிப்பொடியாக உதிர்ந்தன. உதிர்ந்ததில் ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார்.

“இப்ப மாட்டுங்க.”

லேப்டாப் மணி அடித்ததுபோல் ஒரு சத்தம் கொடுத்தது. திரையில் மலை விரிந்தது. அதன்மேல் அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒரு சிவப்புக் கோடு நெளிந்து ஏறியது. ஆவுடையப்பன் அதை மெயிலில் அனுப்பினார். வந்து சேர்ந்தது என்று பதிலும் வந்தது.

அதன்பிறகும் அவர் எழுந்து போகவில்லை. முழங்கால் காரணமல்ல.

“சாமி, நான் அன்போடதானே செஞ்சேன்?”

“அதுல சந்தேகமே இல்ல.”

“வேண்டாம்னா அது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எத்தனையோ எச்சரிக்கை காட்டுற கருவி.”

குரு ஈர்க்குச்சியின் நுனியை வேட்டியில் துடைத்தார்.

“சொல்லத்தான் பார்த்திருக்கும், பெரியவரே. நீங்க முதல்ல அடைச்சது அதோட வாயை.”